ஏரியை இடமாகச் சுற்ற மாட்டேன் என்றேன்

1

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஆறு பேர். பெற்றது நான்கு. நாத்தனார் போய்ச் சேர்ந்தபோது அவள் விட்டுப்போன பையன் ஒருவன். ஆறாவது, இங்கே கனடாவில் கால்கரிக்கு வந்து வளர்த்த என் பேத்தி இனியா. பேத்தியை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்று கேட்காதீர்கள். பிறந்த பதினோராம் நாளிலிருந்து என் இடுப்பிலும் என் கட்டிலிலும் இருந்தவள். இப்போது அவளுக்குப் பத்து வயது. சேர்த்துத்தான் சொல்வேன்.

கடலூரில் என் பெரிய மகள் இருக்கிறாள். அவள் தெருப் பெண்கள் கூடி ஒரு சின்ன இதழ் நடத்துகிறார்கள். வெளிநாட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று நாலு பக்கம் எழுதிக் கொடு அம்மா என்றாள். பனி, குளிர், பெரிய பெரிய கடை, அதை எழுது என்றாள். அதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். போன சனிக்கிழமை ஒரு மலை ஏரியைச் சுற்றி நடந்தோம். நான் அதை எழுதுகிறேன்.

மூன்றாவது வரைதான் படித்தேன். நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வைக்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை நடந்ததற்கு இன்று வியாழக்கிழமை வரை உட்கார்ந்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஆசை. ஆனால் இந்தத் தடவை அவசரம் இருக்கிறது. அது என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் சம்பந்தி, அதாவது மருமகள் சுகந்தியின் அம்மா, சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிறார். பெயர் வசந்தா. ஆறு மாதம் இருக்கத்தான் அனுமதி. அதில் ஐந்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவர் வீட்டுக்காரர் போன வருடம் ஆவணியில் இறந்துபோனார். அங்கே தனியாக இருக்கிறார். அவரை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று என் மகன் குமரவேலும் சுகந்தியும் பேசிக்கொண்டார்கள். அதற்கு ஒரு பேப்பர் போட வேண்டும். மூன்று வாரம் முன்பு இரண்டு பேரும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். சுகந்தி சொன்னாள்: "அத்தை, நீங்க சரின்னு சொன்னாத்தான் பேப்பர் போடுவோம். இல்லன்னா இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

2

நான் ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், நான் இங்கே எப்படி வந்தேன் என்று தெரிய வேண்டும்.

தலைப் பிரசவம் பார்க்க வேண்டியது பெண்ணைப் பெற்றவள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனால் சம்பந்தி அப்போது தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்தார். தேர்தல் நேரம், லீவு கிடைக்கவில்லை. சுகந்தி போனில் அழுதாள். நான் சொன்னேன், நான் வருகிறேன், நீ அழாதே என்று. விமானத்தில் எதையும் சாப்பிடாமல், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி கொடுத்த மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு வந்து இறங்கினேன். பிள்ளை பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. சுகந்திக்குப் பிரசவ மருந்தாகக் காயம் இடித்துக் கொடுத்தேன். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

இங்கேயே தங்குவதற்கு மனு போட்டபோது கைரேகை வைக்கச் சொன்னார்கள். நான் பிறந்தது காடாம்புலியூர். கல்யாணம் ஆகிக் கடலூர் முதுநகருக்கு வரும்வரை, அதற்குப் பிறகும் பல வருடம், முந்திரிக்கொட்டை உடைத்த கை இது. அந்த எண்ணெய் தோலைத் தின்றுவிடும். கண்ணாடி மேல் பத்து விரலையும் வைத்து வைத்து எடுத்தேன், மெஷினில் ஒன்றும் விழவில்லை. ஆபீஸ் பெண் என் விரலைத் துடைத்தாள், ஏதோ களிம்பு தடவினாள், சிரித்தாள். மூன்று தடவை போய் வந்தோம். கடைசியில், இந்த அம்மாளுக்கு ரேகை இல்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள்.

ரேகை இல்லாததற்கு நான் வருத்தப்படவில்லை. போன வருடம், இங்கே தங்குவதற்குக் கொடுத்த அட்டையைப் புதுப்பிக்கும்போது நடந்ததுதான் மனதில் நிற்கிறது. இத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி. குமரவேல் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே போனான். என்னடா போட்டாய் என்றேன். வேலை இல்லை என்று போட்டேன் என்றான். பிள்ளை வளர்த்தேன் என்று போடு என்றேன். அதற்கு இதில் கட்டம் இல்லை அம்மா என்றான்.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து அந்தப் பிள்ளைக்குச் சோறு கட்டி, ஆறு சட்டை மாட்டி, பூட்ஸ் போட்டு, பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் வரும் முனையில் பனியில் நின்றேன். பஸ் டிரைவர் பெண்ணுக்கு என்னைத் தெரியும். அவள் என்னமோ கேட்பாள், நான் எஸ் எஸ் என்பேன். ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சலா என்று கேட்டிருக்கிறாள், அதற்கும் எஸ் என்று சொல்லிவிட்டேன். இறக்கி விட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க நானும் இனியாவும் வீட்டில் தாயம் ஆடினோம். ஐந்தாறு வயதில் அவளுக்கு அது கொண்டாட்டம். இப்போது பத்து வயதில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். அதற்கெல்லாம் கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் என் பக்கத்தில்தானே வந்து படுக்கிறாள் என்று இருந்தேன்.

3

அதுவும் போயிற்று. சம்பந்தி வந்த அன்றைக்கே போயிற்று.

ஒரு கட்டிலில் இரண்டு ஆயாவும் படுக்க முடியாது. கடலூர் ஆயா, சிதம்பரம் ஆயா என்றுதான் இனியா எங்களைச் சொல்வாள். சிதம்பரம் ஆயா ஆறு மாசம்தானே இருப்பாங்க, அவுங்க என்கூட படுத்துக்கட்டும் என்றாள். என் போர்வையை அவளே மடித்துக் கீழ் அறைக்குக் கொண்டுவந்து போட்டாள். நல்ல மனசுள்ள பிள்ளை. மூலையில் ஹீட்டர் வைத்துக் கொடுத்தான் குமரவேல். அறையில் ஒரு குறையும் இல்லை. ஜன்னல் மட்டும் தரையோடு தரையாக இருக்கும், போகிறவர்களின் கால் தெரியும்.

சம்பந்தி மேல் நான் பொறாமைப்படுகிறேன் என்று என் மகன் நினைக்கிறான். நினைப்பது சரிதான்.

அவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். சுடிதார் போட்டுக்கொண்டு, காலில் வெள்ளை ஷூ மாட்டி, பக்கத்து வீட்டுக் கிழவனிடம் இங்கிலீஷில் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசுகிறார். பத்து வருடமாக நான் அந்தக் கிழவனுக்குத் தலையை ஆட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இனியா சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டதும், சிதம்பரத்துக்குப் போனில் தமிழில் எழுத ஆரம்பித்தாள். அவரும் உடனே உடனே பதில் எழுதுவார். என் பக்கத்தில் படுத்துக்கொண்டே அதைப் பார்த்துச் சிரிப்பாள். என்னடி என்றால், ஒன்றும் இல்லை ஆயா என்பாள். நானும் எட்டிப் பார்ப்பேன். நான் இரண்டு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் மேலே தள்ளிவிடுவாள்.

கத்தரிக்காயைத் தட்டில் ஓரமாக ஒதுக்குகிற பிள்ளை அது. பத்து வருடம் கெஞ்சியிருக்கிறேன். இவர் வந்து சிதம்பரத்துக் கொத்சு வைத்தார். அந்தக் கத்தரிக்காயைத்தான் சுட்டு மசித்துப் போட்டார். பிள்ளை விரலை நக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் என்றது. நான் எழுந்து போய்த் துணி மடித்தேன்.

கல்யாணத்தின்போது இவர் எப்படி இருந்தார் தெரியுமா. சிதம்பரத்தில் மண்டபம். நான் மாப்பிள்ளையின் அம்மா. ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சாம்பாரில் உப்புக் கம்மி என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மன்னிச்சுக்குங்க சம்பந்தி, இதோ பாக்கறேன் என்றார். உப்பு உண்மையில் சரியாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். அந்த ஒரு நாளை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

4

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். என்னை நல்ல மனநிலையில் வைத்துச் சரி என்று சொல்ல வைப்பதற்குத்தான் இந்தப் பயணம் என்று எனக்குத் தெரியும். குமரவேல் மூன்று நாளாகவே அம்மா, மலை, ஏரி, மஞ்சள் மரம் என்று பேசிக்கொண்டிருந்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை. நான் புளிச்சோறு கட்டினேன். சம்பந்தி மிளகு போட்டுச் சம்பா சாதமும் கொத்சும் கட்டினார். இரண்டு தூக்கும் காரின் பின்னால் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டே வந்தன. வழியில் ஏரிப் பேச்சு வந்தது. எங்க வீராணம் எவ்வளவு பெரிசு தெரியுமா என்று சம்பந்தி இனியாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார். கரையில் பஸ்ஸில் போனால் முடியவே முடியாதாம். நான் சும்மா இருப்பேனா? எங்க பெருமாள் ஏரிக்கு வருகிற பறவை உலகத்தில் எங்கேயும் கிடையாது என்றேன். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குமரவேல் பாட்டைச் சத்தமாக வைத்தான்.

ஏரி நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் பச்சையும் நீலமுமாக, அடியில் கிடக்கிற கல் எண்ணலாம் போல. சுற்றிலும் மலை, உச்சியில் புதுப்பனி கோலமாவு தூவியது போல. ஊசி இலை மரங்கள் எல்லாம் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும், இந்த ஒரு வகை மட்டும் இந்த மாதத்தில் மஞ்சளாகி உதிருமாம். லார்ச் என்று பெயர். கரை ஓரம் மஞ்சள், தண்ணீரிலும் மஞ்சள். குளிர் காதைக் கடித்தது, வெயில் முதுகில் இதமாக விழுந்தது. கரையை ஒட்டியே ஒற்றையடிப் பாதை, சுற்றி வர இரண்டு மணி நேரம். மேடு இல்லை. என் வயதுக்காரர்கள் தடி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை. அதில் அம்பு போட்டிருந்தது. குமரவேல் அந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கினான். இனியா சிவப்புச் சட்டை போட்டிருந்தாள், சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். நான் என் கையை நீட்டியிருந்தேன். அவள் பார்க்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பக்கமாகப் போனால் ஏரி நம் இடது கைப்பக்கம் இருக்கும். கோயிலானாலும் குளமானாலும் வலது கைப்பக்கம் வைத்துத்தானே சுற்றுவோம். நான் நின்றேன்.

இப்பிடிப் போகக் கூடாதுடா, இது இடஞ்சுற்று என்றேன். அம்பு அப்படித்தான் போட்டிருக்கிறது என்றான் குமரவேல். அம்பு போட்டவனுக்கு என்ன தெரியும் என்றேன். சம்பந்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வேறு எண்ணத்தோடு சிரிக்கவில்லை, எனக்கு அது இப்போது தெரிகிறது.

"சம்பந்தி, இது என்ன கோயிலா? ஏரிதான. எப்பிடிச் சுத்துனா என்ன."

இனியாவும் சிரித்தாள். அவர் கையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள்.

சாமி சத்தியமாக எனக்கு இடமும் வலமும் பெரிதாகப் படவில்லை. அந்த ஜோடிக் கையைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பொணத்தைத்தான் இடமா சுத்துவாங்க. உங்களுக்குத் தெரியாததா? போன வருசம் சுத்தினவங்கதான நீங்க."

குமரவேல் அம்மா என்றான். சம்பந்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை, குனிந்து என் ஷூக் கயிற்றைப் பார்த்தேன். இனியாவுக்கு அந்தத் தமிழ் முழுசாகப் புரிந்திருக்காது, ஆனால் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் வலமாகத்தான் வருவேன், நீங்கள் உங்கள் வழியில் வாருங்கள், நடுவில் எங்கேயாவது பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். கரடி இருக்கும் அம்மா என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர்கள் ஏதோ பேசிக்கொண்டது கேட்டது. நான் திரும்பவில்லை.

5

அரை மணி நேரம் கோபத்திலேயே நடந்தேன். கோபத்தில் நடந்தால் முட்டி வலி தெரிவதில்லை.

பிறகு கோபம் இறங்கியது, மரம் தெரிந்தது. முதுகில் கோடு போட்ட அணில் ஒன்று கல்லுக்குக் கல் தாவிக்கொண்டே என்னோடு வந்தது. இந்த ஊரில் கோடு போட்ட அணிலை அன்றுதான் பார்த்தேன். எதிரில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். தனியாகவா என்று கேட்டார்கள் போலிருக்கிறது. எஸ் என்றேன். அந்த அம்மாள் எனக்குப் பின்னால் கையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதற்கும் எஸ் என்றேன்.

ஏரி குறுகுகிற இடத்தில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தேன். தூரத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதுதான் இனியா. பின்னால் இரண்டு பேர். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் எனக்கு. சம்பந்தியின் பச்சை ஸ்வெட்டர் தெரியவில்லை. மரத்துக்குப் பின்னால் இருப்பார் என்று நினைத்தேன். அவர்கள் மரம் இல்லாத இடத்துக்கு வந்தார்கள். அப்போதும் மூன்று பேர்தான்.

காருக்குத் திரும்பிவிட்டாரா, உட்கார்ந்துவிட்டாரா, மயக்கமா. நான் சொன்ன சொல் என் காதில் திரும்பக் கேட்டது. அப்போது பின்னால் கல் சரிகிற சத்தம். திரும்பினேன். பத்தடி தூரத்தில் சம்பந்தி நின்றார். மூச்சு வாங்குகிறது, மூக்கு சிவந்திருக்கிறது, ஒரு கையில், கரடி வந்தால் அடிக்கக் குமரவேல் கொண்டுவந்திருந்த மருந்துக் குப்பி.

"எப்பலேர்ந்து வரீங்க?" என்றேன்.

"நீங்க கெளம்பினதுலேர்ந்து."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா நிப்பீங்களா?"

நிற்க மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை உங்கள் பின்னால் வரப் பார்த்தார், நான் போகிறேன் என்று குப்பியை வாங்கிக்கொண்டேன் என்றார். பக்கத்தில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தோம். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத்தான் உட்கார்ந்தோம். என் பையில் வெந்நீர் இருந்தது, கொடுத்தேன். கொஞ்சம் குடித்தார்.

"நீங்க சொன்னதுல தப்பில்ல சம்பந்தி," என்றார் ஏரியைப் பார்த்துக்கொண்டே. "அவுங்ககூட நாலு அடி வச்சேன். தண்ணி இந்தக் கைப்பக்கம் வந்திச்சு. அவரை வாசல்ல கெடத்தி மூணு சுத்து சுத்துனோமே, அதே பக்கம். அதுக்கு மேல கால் நகரல."

நானும் ஒருவரை அப்படிச் சுற்றியவள்தான். பதினெட்டு வருடம் ஆகிறது. அதை நினைத்துப் பார்க்காமல் வாயை விட்டிருக்கிறேன். தப்புதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முறுக்கு இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்றுதான் வந்தது. வாங்கிக்கொண்டார்.

பேப்பர் விஷயமாக நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார் அவர். வியாழக்கிழமை சாயந்திரம் டிக்கெட் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் காரிலேயே சொல்லிவிடப் போகிறாராம். சிதம்பரத்தில் வீடு இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள், ஒன்றும் பயமில்லை என்றார். டிவியைப் போட்டு விட்டுவிட்டுச் சமையல்கட்டில் நிற்பாராம். பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் போதுமாம்.

அவர் போகிறேன் என்று சொன்னதும் என் நெஞ்சு லேசானது. அதை மறைக்க மாட்டேன். கட்டில் எனக்குத் திரும்ப வரும் என்றுதான் முதலில் தோன்றியது. பேச்சுச் சத்தம் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கியது.

முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஒண்ணு கேக்கணும் உங்களை. இந்தப் பொண்ணு தூக்கத்துல இந்த ஒதை ஒதைக்குதே, பத்து வருசம் எப்பிடித் தாங்கினீங்க? இடுப்புல பாருங்க, கன்னிப்போய்க் கெடக்கு."

"நடுவுல நீட்டுத் தலகாணி போடணும். போடலியா?"

"எனக்கு யார் சொன்னா?"

"நான் சொல்லல."

"அஞ்சு மாசமா?"

"அஞ்சு மாசமா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முறுக்குத் துண்டு தெறிக்கிற மாதிரி சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"நானும் ஒண்ணு உங்ககிட்ட சொல்லல," என்றார். "தூக்கத்துல ஆயா ஆயாங்குது. நான் இங்கதாண்டி இருக்கேன்னு தொட்டா, கையைத் தட்டி விட்டுட்டுத் திரும்பவும் ஆயாங்குது."

"அது என்னைத்தான்."

"இருக்கலாம்."

"என்ன இருக்கலாம்? என்னைத்தான்."

"சரி, உங்களைத்தான். அதான் சொல்லல."

6

சிறிது நேரத்தில் வளைவில் சிவப்புச் சட்டை வந்தது. இனியா ஓடி வந்தாள். யாரிடம் முதலில் வருவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி அந்த அணிலின் பின்னால் ஓடினாள்.

அங்கேயே சோறு பிரித்தோம். புளிச்சோறும் சாப்பிட்டாள், சம்பா சாதமும் சாப்பிட்டாள். எது கூட என்று பார்த்தேன். கொத்சுதான் கூட. பிறகு கிளம்பும்போது, அவர்கள் போக வேண்டிய வழி ஒரு பக்கம், நாங்கள் போக வேண்டிய வழி ஒரு பக்கம். நான் ஆயாங்ககூட வரேன் என்று சொல்லி, தான் நடந்து வந்த பாதையிலேயே எங்களோடு திரும்பி நடந்தாள் இனியா. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நான் முன்னால், மற்ற இரண்டு பேர் பின்னால். அவள் யாரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். சம்பந்தியின் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்திருந்தாள். கல்லில் அவருக்குக் கால் வழுக்குகிறதாம், பிடித்துக்கொள்கிறாளாம். எனக்கு வழுக்காது. எழுபத்து நான்கு வயதிலும் வழுக்காத காலால் என்ன பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

காரில் அவர் சொன்னபடியே குமரவேலிடம் டிக்கெட் போடச் சொன்னார். சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குமரவேல் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் தூங்குகிற மாதிரி இருந்தேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் போயிற்று. ஒவ்வொரு நாளும் காலையில் காபி குடிக்கும்போது சரி என்று சொல்லிவிடலாம் என்று வருவேன். சம்பந்தி அடுப்பு முன்னால் நிற்பார். காபி ஆற்றிக் கொடுப்பார், என் காபியைவிட நன்றாக இருக்கும், சொல்ல வந்தது உள்ளே போய்விடும். ஒரு வார்த்தைதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் உப்புக் கம்மி என்று பொய்யாகச் சொல்ல வந்த வாய்க்கு, இது வரவில்லை.

இன்று வியாழக்கிழமை. குமரவேல் வேலையிலிருந்து வந்ததும் டிக்கெட் போடுவான். அதனால்தான் அவசரம் என்றேன். வாயால் வராததை எழுதிவிடுகிறேன். கடலூர்ப் பெண்கள் பிறகு படிக்கட்டும், முதலில் இந்த வீட்டில் படிக்கட்டும்.

குமரவேலு, பேப்பரைப் போடு. அவர் இங்கேயே இருக்கட்டும்.

சம்பந்தி, ஏரிக்கரையில் நான் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னித்துவிடுங்கள். கல்யாணத்தன்று உப்புச் சரியாகத்தான் இருந்தது. நீங்கள் அவள் கையைப் பிடிக்கும்போது எனக்கு எரியும். இனிமேலும் எரியும், அது நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கட்டில் வாரத்தில் நாலு நாள் எனக்கு, மூன்று நாள் உங்களுக்கு. இதில் பேச்சு வார்த்தை கிடையாது. நீட்டுத் தலையணை என் அறை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

இனியா, கதவைத் திறந்து வெளியே வா. போனைக் கீழே வை. ஆயா எழுதியிருக்கிறேன், கொஞ்சம் கோணலாக இருக்கும், நீ கூட்டிப் படித்துவிடுவாய். முதல் வரியிலிருந்து படி. சத்தமாகப் படி, அடுப்பு முன்னால் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும்.